ஷிவ்கோவின் முகத்தைத் திரும்ப ஒட்டலாமா?

1949 ஜூலையில் பல்கேரியப் பிரதமர் கியோர்கி டிமிட்ரோவ் மாஸ்கோ அருகே இறந்தார். பதப்படுத்திய உடலை வைப்பதற்காகச் சோஃபியா நகரின் நடுவே வெள்ளை மண்டபம் ஒன்றை ஆறே நாளில் எழுப்பினார்கள். நாற்பது வருடம் மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். 1990இல் உடலை எடுத்து எரித்துப் புதைத்தாயிற்று. காலி மண்டபம் மட்டும் மிஞ்சியது. 1999 ஆகஸ்டில் அன்றைய அரசு அதை வெடிவைத்துத் தகர்க்க முடிவுசெய்தது. முதல் வெடிக்குக் கட்டடம் ஒரு பக்கமாகச் சாய்ந்ததோடு சரி. நாலாவது முயற்சியில்தான் விழுந்தது. ஆறு நாளில் கட்டியதை இடிக்க ஏறக்குறைய ஒரு வாரம் பிடித்தது. கம்பீரமான ஒரு முடிவுரையை எதிர்பார்த்த அரசுக்கு ஊர் சிரித்ததுதான் மிச்சம்.

அதே நாட்டின் நடுவே, பால்கன் மலைத்தொடரில், அந்த மண்டபத்தைப் போலப் பல மடங்கு பெரிய ஒரு கட்டடம் கூரை பிய்ந்து நிற்கிறது. புஸ்லுஜா என்பது அந்தச் சிகரத்தின் பெயர். கட்டடத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. பல்கேரியக் கம்யூனிஸ்ட் கட்சி தனக்குத்தானே எழுப்பிக்கொண்ட நினைவுச்சின்னம் அது. 2018இல் ஐரோப்பா நோஸ்ட்ரா அமைப்பு, ஐரோப்பாவில் மிகுந்த ஆபத்தில் இருக்கும் ஏழு மரபுச்சின்னங்களில் ஒன்றாக அதைச் சேர்த்தது. மறு ஆண்டு அமெரிக்காவின் கெட்டி அறக்கட்டளை, பாதுகாப்புத் திட்டம் தயாரிக்க 1,85,000 டாலர் கொடுத்தது. ஆனால் 2023 டிசம்பரில் சோஃபியாவிலுள்ள சோவியத் படை நினைவுச்சின்னத்தின் உச்சிச் சிலைகளை அறுத்து இறக்கியதும் இதே பல்கேரியாதான். ஒன்றுக்கு வெடி, ஒன்றுக்கு ரம்பம், ஒன்றுக்கு வைத்தியம். இதில் கொள்கை என்று ஏதாவது உண்டா, அல்லது அந்தந்த நேரத்து ஆட்சியின் மனப்போக்குதானா?

புஸ்லுஜாவைக் காக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் காக்கச் சொல்பவர்கள் அடுக்கும் காரணங்களில் பாதி தேறாது. எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒன்று மிகக் கனமானது. அதைத் தாண்டி வராமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தமிழில் இதைப் பேசும்போது ஒரு சிக்கலை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டிமிட்ரோவ் இங்கே தெரியாத பெயரல்ல. 1933இல் லைப்சிக் நீதிமன்றக் கூண்டில் நின்று நாஜிகளை எதிர்க்கேள்வி கேட்டு மடக்கியவர், பாசிசத்துக்கு எதிரான ஐக்கிய முன்னணிக்குக் கோட்பாடு தந்தவர் என்றே நம் இடதுசாரி வாசகர் அவரை அறிவார். பல்கேரியருக்கு அவர் இன்னொன்றும்கூட. எதிர்க்கட்சித் தலைவர் நிக்கோலா பெட்கோவை 1947இல் தூக்கிலிட்டபோது அந்த அரசின் பிரதமர் அவர்தான். நமக்குச் சோசலிசம் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் மலிவு விலைக்குக் கிடைத்த மாஸ்கோ பதிப்புகளாக வந்தது. பிள்ளைகளுக்கு லெனின், ஸ்டாலின் என்று பெயர் வைக்க வைத்தது. அவர்களுக்கு அது காவல் நிலையமாகவும் ரேஷனாகவும் வேலையாகவும் வீடாகவும் வந்தது. புத்தகமாக மட்டும் பார்த்தவர், அதற்குள் குடியிருந்தவருக்குப் பாடம் சொல்லப் போகும்போது கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது.

இனி கட்டடத்துக்கு வருவோம். அந்த மலையைக் கட்சி சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய ஹாஜி டிமிட்டரின் குழு 1868இல் அழிந்தது அங்கே. 1891இல் டிமிட்டர் பிளகோயேவும் தோழர்களும் ரகசியமாகக் கூடிப் பல்கேரியாவின் முதல் சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கியதும் அங்கேதான். இரண்டாம் உலகப்போரில் கொரில்லாக்கள் சண்டையிட்ட இடமும் அதுவே. தேசத்தின் கதையும் கட்சியின் கதையும் ஒன்றே என்று நிறுவ இதைவிடத் தோதான இடம் அமையாது.

வடிவமைத்தவர் கியோர்கி ஸ்டோய்லோவ், சோஃபியாவின் மேயராகவும் இருந்தவர். 1974 ஜனவரியில் வேலை தொடங்கியது. சிகரத்தை வெடிவைத்துப் பல மீட்டர் சீவிச் சமதளமாக்கினார்கள். ராணுவத்தினர் உட்பட ஆயிரக்கணக்கானோர் உழைத்தார்கள், அறுபதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் சுவர்களை நிரப்பினார்கள். செலவு ஒரு கோடியே நாற்பது லட்சம் லெவாவுக்கு மேல். 1981 ஆகஸ்டில், நாட்டை அப்போதே கால் நூற்றாண்டாக ஆண்டுகொண்டிருந்த தோதர் ஷிவ்கோவ் திறந்துவைத்தார். சுமார் 60 மீட்டர் விட்டத்தில் வட்ட மண்டபம், ஒட்டினாற்போல 70 மீட்டர் கோபுரம், கோபுரத்தின் இரு பக்கமும் சிவப்புக் கண்ணாடி நட்சத்திரம். தூரத்திலிருந்து பார்த்தால் மலையுச்சியில் பறக்கும் தட்டு ஒன்று இறங்கியதுபோல் இருக்கும். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், வேறு மாதிரிச் சொல்லவும் வழியில்லை.

அதன் சரக்கு உள்ளே இருக்கிறது. தொள்ளாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மொசைக். உள்வட்டத்தில் வண்ணக் கண்ணாடிச் சில்லுகள், ஜன்னல்களை ஒட்டிய வெளிவட்டத்தில் ஆறுகளிலிருந்து பொறுக்கிவந்த இயற்கைக் கற்கள். விதானத்தின் நடுவில் அரிவாளும் சுத்தியலும், சுற்றிலும் தொழிலாளரை ஒன்றுசேர அழைக்கும் முழக்கம். சுவரில் ஒரு பக்கம் மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின். எதிர்ப்பக்கம் பிளகோயேவ், டிமிட்ரோவ், ஷிவ்கோவ். மூவருக்கு மூவர் என்ற அந்தச் சமன்பாட்டைக் கவனிக்க வேண்டும். ஆட்சியில் இருக்கும் மனிதர் தன் முகத்தைத் தானே லெனினுக்கு எதிரே பதித்து, தானே திறந்தும் வைத்தார்.

எட்டே ஆண்டுகள். 1989 நவம்பர் 10 அன்று ஷிவ்கோவ் பதவியிறக்கப்பட்டார். பிறகு காவல் விலகியது. கூரையின் உலோகத் தகடுகளை உரித்து விற்றார்கள். நட்சத்திரத்தில் இருப்பது மாணிக்கக்கல் என்ற வதந்தியை நம்பிச் சுட்டு உடைத்தார்கள். வெளிச்சுவரில் கான்கிரீட்டில் பதித்திருந்த சர்வதேச கீத வரிகள் எழுத்தெழுத்தாக உதிர்ந்தன. கடந்த காலத்தை மறந்துவிடு என்று வாசலுக்கு மேலே யாரோ சிவப்பில் எழுதினார்கள், அதுவும் ஆங்கிலத்தில். பார்க்க வருகிறவர் யார் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. பின்னால் வேறொரு கை அதை மறக்கவே மறக்காதே என்று திருத்தியது.

மற்றதைப் பனி பார்த்துக்கொண்டது. கூரை போன மண்டபத்துக்குள் குளிர்காலம் முழுக்கப் பனி கொட்டும். பகலில் உருகி, சுவருக்கும் மொசைக்கைத் தாங்கும் காரைக்கும் நடுவே நீர் இறங்கும். இரவில் உறைந்து விரியும். விரிந்த இடத்தில் காரை சுவரை விட்டுக் கையகலம் கையகலமாகப் பிரிந்து தொங்கும். தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும் பகுதிதான் அடுத்து விழப்போவது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதி, மேல்பூச்சை வெளியே தள்ளும். ஒரு சில்லு விழுந்தால் பக்கத்துச் சில்லுக்குப் பிடிமானம் போகிறது. ஷிவ்கோவின் முகம் மட்டும் இப்படி விழவில்லை. அது மனிதக் கையால் பெயர்த்தெடுக்கப்பட்டது. மற்ற இருவர் அருகே, அவர் இருந்த இடத்தில் வெறும் பூச்சு தெரிகிறது.

இந்தக் கட்டடத்துக்காக வாதாடுபவர்களில் முன்னணியில் நிற்பவர் தோரா இவானோவா. பெர்லினில் கட்டடக்கலை படித்த இளம் பல்கேரியர். 2015இல் புஸ்லுஜா திட்ட அறக்கட்டளையைத் தொடங்கியவர். அவரது விடாமுயற்சி இல்லையென்றால் விவாதிக்கவே கட்டடம் மிஞ்சியிருக்காது. ஆனாலும் அவர் தரப்பில் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக உரசிப் பார்க்கத்தான் வேண்டும்.

முதல் காரணம் கட்டடக்கலை. உள்மண்டபம் பெரும் சாதனை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நடுத்தூண் இல்லாமல் அந்த அகலத்தை மூடியது, வட்டச் சுவரைத் தொடர்ச்சியான ஒரே சித்திரமாக்கியது எல்லாம் கைதேர்ந்த வேலை. கோபுரம் அப்படியல்ல. அது அதட்டல், அவ்வளவுதான். ஆனால் அழகை மட்டும் வைத்து வாதாடினால் ஒரு கண்கட்டு வித்தை நடக்கிறது. வெளிநாட்டுப் புகைப்படக்காரர்கள் எடுத்த படங்களில் யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்பது மறைந்து, வளைவும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சுகின்றன. பிரச்சாரத்துக்காகவே பிறந்த கட்டடத்திலிருந்து பிரச்சாரத்தை உரித்துவிட்டு ரசிப்பது, அதை இன்னும் சாமர்த்தியமான பிரச்சாரமாக்கிவிடும்.

சுற்றுலா வருமானம் என்ற காரணத்தை நீட்டிப் பேச அவசியமில்லை. வருடத்தில் பாதி பனி மூடிக்கிடக்கும் உச்சி அது. வருமானம் வந்தால் அடிவாரத்துக் கசன்லக் நகரத்துக்கு நல்லது. வராவிட்டாலும் காக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது காரணம் கனமானது, ஆனால் அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை: பணம் மக்களுடையது. கட்டுமானச் செலவில் ஒரு பகுதி நன்கொடையாகவும் தபால்தலை விற்றும் திரட்டப்பட்டது. எந்த ஒருகட்சி ஆட்சியிலும் நன்கொடை எவ்வளவு தூரம் விருப்பத்தோடு கொடுக்கப்படும் என்று நமக்குத் தெரியாதா என்ன. இருந்தும், அந்தக் கட்டாயமே இந்தக் கட்டடத்தின்மேல் மக்களுக்கு உரிமையைத் தருகிறது என்பேன். கட்சி தன் புகழுக்குக் கட்டியது, ஊர் விலை கொடுத்தது. விலை கொடுத்தவர் கையில் ரசீது இருக்க வேண்டும். இடித்துவிட்டால் அந்த ரசீதும் போய்விடும்.

ரசீது என்று சொன்னது உவமைக்காக மட்டுமில்லை. ஓர் அரசு தன்னைப் பற்றி என்ன நம்பியது, தன் குடிகள் என்ன நம்ப வேண்டும் என்று விரும்பியது என்பதற்கு இவ்வளவு முழுமையான சான்று ஐரோப்பாவில் வேறு அதிகம் இல்லை. அந்தச் சான்றின்மேலேயே எதிர்ச்சான்றும் ஏறியிருக்கிறது. பெயர்க்கப்பட்ட முகம், உரிக்கப்பட்ட கூரை, சுடப்பட்ட நட்சத்திரம் எல்லாம் 1989க்குப் பிறகான பல்கேரியா எழுதிய பக்கங்கள். அவற்றில் கோபம் இருக்கிறது, வறுமை இருக்கிறது, பழைய இரும்புக்காரர்களின் பேராசையும் இருக்கிறது. எண்பதுகளின் இறுதியில் தொண்ணூறு லட்சத்தை நெருங்கியிருந்த நாட்டின் மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பில் சுமார் 65 லட்சம். அந்தச் சரிவையும் இந்தச் சுவர்கள் பார்த்திருக்கின்றன. இரண்டு காலங்களும் ஒரே சுவரில் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு நிற்பதால்தான் இது காக்கத் தகுந்தது.

இடித்தால் என்ன ஆகும் என்பதற்கு பெர்லின் நல்ல சாட்சி. கிழக்கு ஜெர்மனியின் நாடாளுமன்றம் இருந்த குடியரசு மாளிகை 1976இல் திறக்கப்பட்டது. நாடாளுமன்றத்தோடு உணவகங்களும் பந்துருட்டும் கூடமும் பெரிய கலையரங்கும் அதே கூரையின்கீழ் இருந்தன. கல்யாணம், பிறந்தநாள், முதல் நடனம் என்று கிழக்கு பெர்லின்காரர்களின் சொந்த நினைவுகள் அதற்குள் கிடந்தன. நாட்டை மேற்கு ஜெர்மனியோடு இணைக்கும் முடிவையும் 1990 ஆகஸ்டில் அந்தக் கட்டடத்தில்தான் எடுத்தார்கள். அடுத்த மாதமே கல்நார் ஆபத்து என்று மூடினார்கள். ஆபத்து உண்மைதான், ஆயிரக்கணக்கான டன் கல்நார் இருந்தது. ஆனால் பொதுப்பணத்தைக் கொட்டி 2003க்குள் அதை முழுக்க அகற்றிவிட்டு, சுத்தமாக நின்ற எலும்புக்கூட்டை 2006 முதல் 2008 வரை இடித்தார்கள். மேற்கு பெர்லினின் சர்வதேச மாநாட்டு மையத்திலும் கல்நார் இருந்தது. அதை இடிக்கவில்லை, 2019இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தார்கள். காரணம் கல்நார்தான் என்று இனி யார் நம்புவார்கள்?

இடித்த இடத்தில் எழுந்தது, 1950இல் கிழக்கு ஜெர்மன் அரசு வெடிவைத்துத் தகர்த்த பிரஷ்ய அரண்மனையின் முகப்பு. உலகப்போரில் சேதமடைந்திருந்த அரண்மனையை, மன்னராட்சியின் மிச்சம் என்று சோசலிச அரசு தகர்த்தது. சோசலிசத்தின் மிச்சம் என்று அடுத்த அரசு மாளிகையை இடித்து, சுமார் 68 கோடி யூரோ செலவில் அரண்மனையைப் பிரதி எடுத்தது. இடிப்பதில் இரண்டு அரசுகளுக்கும் வித்தியாசமே இல்லை. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பிரதி அரண்மனைக்குள் இயங்கும் ஹும்போல்ட் மன்றம், 2024இல் அந்த இடிக்கப்பட்ட மாளிகையைப் பற்றியே பெரிய கண்காட்சி நடத்தியது. அதே பெர்லினில் நின்ற லெனின் சிலையின் கதையும் இதுதான். பத்தொன்பது மீட்டர் உயரச் செங்கருங்கல் சிலையை 1991இல் துண்டு துண்டாக்கி ஊர்க்கோடியில் மணலில் புதைத்தார்கள். 2015இல் மூன்றரை டன் எடையுள்ள தலையைத் தோண்டியெடுத்து ஸ்பாண்டாவ் கோட்டை அருங்காட்சியகத்தில் பக்கவாட்டில் கிடத்தினார்கள். அதைத் தோண்டப் போனபோது, அந்த மணலில் குடியேறிவிட்ட பாதுகாக்கப்பட்ட பல்லியினத்தை முதலில் இடம்மாற்ற வேண்டியிருந்தது.

புடாபெஸ்ட் வேறு வழியில் போனது. சிலைகளை உடைக்காமல் நகரத்துக்கு வெளியே ஒரு பூங்காவில் 1993 முதல் நிறுத்தியிருக்கிறது. சிலைகளுக்கு அது நியாயமான ஏற்பாடு. பீடத்தை விட்டு இறக்கினாலே சிலையின் அதிகாரம் பாதி போய்விடும். புஸ்லுஜாவுக்கு அந்த வழி கிடையாது, அதன் பீடம் ஒரு மலை.

இனி அந்தக் கனமான எதிர்வாதம். டான்யூப் நதியில் பெர்சின் என்றொரு தீவு. அங்கே 1949இல் பெலெனே முகாம் திறக்கப்பட்டது. அரசியல் எதிரிகள் விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். ஐம்பதுகளில் மூடி, திறந்து, மறுபடி மூடிய அந்தத் தீவு, எண்பதுகளின் நடுவில் துருக்கியச் சிறுபான்மையினருக்காக மறுபடி பயன்பட்டது. 1984-85 குளிர்காலத்தில் ஷிவ்கோவ் அரசு அவர்களது பெயர்களை வலுக்கட்டாயமாக பல்கேரியப் பெயர்களாக மாற்றியது. எதிர்த்தவர்கள் பெலெனேவுக்கு. 1989 கோடையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டே துருக்கிக்குப் போனார்கள். இந்த ஆண்டுகள் முழுக்கப் புஸ்லுஜா திறந்திருந்தது. மொசைக் மக்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதன் தொள்ளாயிரம் சதுர மீட்டரில் பெலெனேவுக்கு ஒரு சில்லுகூட இல்லை.

இன்று அந்தத் தீவின் ஒரு பகுதியில் சிறை இயங்குகிறது. பழைய முகாமின் கட்டடங்கள் இடிந்து கிடக்கின்றன. ஆண்டவனின் மாளிகைக்கு அமெரிக்கப் பணமும் ஐரோப்பியப் பட்டியலும், அடைபட்டவனின் கொட்டடிக்குப் புல்லும் புதரும் என்றால், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்காரர் ‘உங்கள் மரபு இதுதானா’ என்று கேட்கத்தானே செய்வார்? அழகான கட்டடத்துக்கு எப்போதும் வக்கீல் கிடைப்பார். முள்வேலிக்கும் தகரக் கொட்டகைக்கும் கிடைப்பதில்லை. கட்டடக்கலை அடிப்படையில் மரபைத் தீர்மானிக்கும் எந்த முறையும் இயல்பாகவே அதிகாரத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஏனென்றால் நல்ல கட்டடக்கலைஞரை அமர்த்தும் வசதி அதிகாரத்துக்குத்தான் உண்டு.

இந்த வாதத்துக்கு எளிய பதில் கிடையாது. ஆனால் இதிலிருந்து புஸ்லுஜாவை இடி என்ற முடிவு வராது. அதை இடித்தால் பெலெனேவில் ஒரு செங்கல்கூட நிமிராது. குற்றவாளியின் பெருமைப் பேச்சுப் பதிவைத்தான் அழித்தவர்களாவோம். அந்தப் பதிவு தேவை, முகாம் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தேவை. ஆகவே வாதத்திலிருந்து வருவது ஒரு நிபந்தனை: புஸ்லுஜாவைத் தனியாகக் காக்கக் கூடாது. பெலெனே தீவுக்கும், கல்லுடைக்கும் முகாம் இருந்த லவெச்சுக்கும் அரசு அதே தரத்தில் கவனம் கொடுக்க வேண்டும். மண்டபத்துக்குள் நுழைகிறவர் மொசைக்கைப் பார்ப்பதற்கு முன்பே, அந்த முகாம்களில் அடைபட்டவர்கள் பற்றிய ஆவணத்தைக் கடந்துதான் போக வேண்டும். இது நடக்காவிட்டால் திட்டத்தின் எதிர்ப்பாளர்கள் பக்கம் நானும் போய் நின்றுகொள்வேன்.

அடுத்தது, எந்த நிலையில் காப்பது. 1981இல் இருந்ததுபோல் பளபளவென்று மீட்டெடுக்க வேண்டும் என்ற ஆசை சிலருக்கு உண்டு. அது கூடாது. எட்டு ஆண்டு ஆடம்பரத்தைக் காட்டுவதற்காக முப்பது ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றைத் துடைப்பதாகிவிடும், அதுவும் அந்த அரசு விரும்பியபடியே. இடிபாடாகவே விட்டுவிடலாம் என்ற எதிர்த்தரப்பும் என்னை ஈர்க்கவில்லை. இடிபாட்டுக்கு ஒரு மயக்கம் உண்டு. பாழடைந்த எந்தத் தூணும் கொஞ்ச நாளில் பழைய ரோமாபுரி போல் தோன்றத் தொடங்கிவிடும். ரகசியப் போலீசை வைத்து ஆண்ட கட்சிக்கு அந்த இரங்கற்பா எதற்கு? போதாக்குறைக்கு, பனிக்கு விட்டால் இன்னும் சில பத்தாண்டுகளில் இடிபாடும் இருக்காது.

சரியான இடம் நடுவில் இருக்கிறது, அதை மொசைக் நிபுணர்களின் அவசரப் பணிகள் ஏற்கெனவே காட்டியிருக்கின்றன. பிரிந்து தொங்கும் ஓரங்களைக் காரை பூசி நிறுத்துவது, பொள்ளல் விட்ட இடங்களில் உள்ளே சாந்து செலுத்திச் சுவரோடு பிடிக்க வைப்பது, விழுந்த சில்லுகளைப் பொறுக்கிச் சேமிப்பது. புதிதாக ஒன்றையும் வரைவதில்லை. மொத்தக் கட்டடத்துக்கும் இதுவே விதியாகட்டும். கூரையை மூட வேண்டும், அதுதான் பெருஞ்செலவு, அதைத் தவிர்க்க வழியில்லை. தண்ணீரை நிறுத்த வேண்டும். கோபுரத்து நட்சத்திரத்தை மறுபடி ஏற்றக் கூடாது. மொசைக்கின் மேல் கிறுக்கியதைத் துடைக்கலாம், வாசலில் எழுதியதையும் திருத்தியதையும் விட்டுவைக்கலாம். ஷிவ்கோவின் முகத்துக்குச் சில்லு தேடி ஒட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தச் சுவரிலேயே நேர்மையான இடம் அந்த வெற்றுப்பூச்சுதான்.

நிர்வாகம் பற்றியும் ஒன்று. பழைய கட்சியின் வாரிசான பல்கேரிய சோசலிஸ்ட் கட்சி, கோடைதோறும் அந்த மலையடியில் கூட்டம் கூட்டுகிறது. 1891 அவர்களுடைய வரலாறும்தான், தடுக்க நியாயமில்லை. ஆனால் கட்டடத்தின் மீது எந்தக் கட்சிக்கும் தனிப் பாத்தியதை கொடுக்கக் கூடாது, இடித்தே தீருவோம் என்று வாக்குக் கேட்பவர்களுக்கும் கூடாது. கூட்டம் அடிவாரத்தில் நடக்கட்டும். மண்டபத்தைப் பார்க்க ஆசையிருந்தால், மற்றவர்களைப் போல அவர்களும் சீட்டு வாங்கிக்கொண்டு, பெலெனே ஆவணங்களைத் தாண்டி உள்ளே வரட்டும்.